நாளைக்கு டொர்னேடோ நாள்: ஹன்ட்ஸ்வில்லுக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் எங்கள் ஹன்ட்ஸ்வில் இருக்கும் வட அலபாமாவுக்கு, நாளை மதியத்திலிருந்து நள்ளிரவு வரை டொர்னேடோ அபாயம் ‘ஐந்தில் நான்கு’ என்று அறிவித்துவிட்டார்கள். மாலையிலிருந்து போன் ஓயவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பையன்கள், போன மாதம் வீடு வாங்கிய தம்பதி, திருநெல்வேலியிலிருந்து என் அம்மா, எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். நான் வானிலை படித்தவன் இல்லை. 2009 முதல் இங்கே குடியிருப்பவன், டொர்னேடோக்கள் இந்த மாநிலத்தைச் சூறையாடிய 2011 ஏப்ரல் 27 அன்று இங்கே இருந்தவன், அவ்வளவுதான் என் தகுதி.

டொர்னேடோ என்றால் நம் ஊர்ப் புயல் மாதிரியா?

இல்லை. தமிழ்ச் செய்திகளில் இரண்டையுமே ‘சூறாவளி’ என்று எழுதிவிடுவதால் வரும் குழப்பம் இது. நம் ஊர்ப் புயல் கடலில் பிறந்து, சில நூறு கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவி, நாள்கணக்கில் நகர்ந்து கரைக்கு வரும். டொர்னேடோ நிலத்துக்கு மேலே, ஒரு இடிமேகத்தின் அடியிலிருந்து இறங்குகிற காற்றுத்தூண். பெரும்பாலானவை சில நூறு அடி அகலம்தான். ஐந்து, பத்து நிமிடத்தில் ஓய்ந்தும் போகும். ஆனால் வலுவான ஒன்று வந்தால், அந்தக் குறுகிய கோட்டுக்குள் அடிக்கும் காற்றுக்கு எந்தப் புயலும் ஈடாகாது. தெருவின் இந்தப் பக்கம் வீடு தரைமட்டமாகக் கிடக்கும், எதிர்ப்பக்கம் பூந்தொட்டிகூட அசைந்திருக்காது. இந்த ஊரில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

நாளை என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்?

நாளை அதற்கான சமையல் தயார் என்று சொல்கிறார்கள். டொர்னேடோ வந்தே தீரும் என்று சொல்லவில்லை. தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று உள்ளே ஏறும். அதற்கு மேலே, மேற்கிலிருந்து வறண்ட குளிர்ந்த காற்று வந்து மூடும். அடியில் சூடு, மேலே குளிர் என்றால் காற்று பொங்கி எழும், இடிமேகம் உருவாகும். அது மட்டுமென்றால் சாதாரண இடிமழையோடு போய்விடும். தரைக்கருகே தெற்கிலிருந்து வீசும் காற்று, மேலே போகப் போகத் திசை மாறி வேகமும் கூடினால்தான் அந்த மேகமே சுழல ஆரம்பிக்கும். இந்த மூன்றும் ஒரே மதியத்தில் ஒரே இடத்தில் சேரப்போகிற தினத்தை நாலைந்து நாள் முன்பே கணித்துவிடுகிறார்கள்.

நாளைக் காலை கதவைத் திறந்ததும் உங்களுக்கே தெரியும். ஏப்ரல் மாத அலபாமாவில் சென்னை மாதிரிப் பிசுபிசுப்பு இருக்கும். தெற்குக் காற்று கொடிகளைப் படபடக்க வைக்கும். அந்தக் காற்று முகத்தில் பட்டாலே பழைய ஆட்கள் அதிகம் பேசமாட்டார்கள்.

‘ஐந்தில் நான்கு’ என்றால்?

ஓக்லஹோமா மாநிலம் நார்மனில் இருக்கும் புயல் முன்கணிப்பு மையம் அபாயத்துக்கு ஐந்து படிகள் வைத்திருக்கிறது: மார்ஜினல், ஸ்லைட், என்ஹான்ஸ்டு, மாடரேட், ஹை. நான்காவதற்கு ‘மாடரேட்’ என்று பெயர் வைத்த புண்ணியவானைத்தான் சொல்ல வேண்டும். பேரைக் கேட்டு ‘நடுத்தரம்தானே’ என்று இருந்துவிடாதீர்கள். வரைபடத்தில் சிவப்பு நிறம் அது. ஐந்தாவது படி வருடத்துக்கு ஓரிரு நாள்தான் வரும், வராத வருடமும் உண்டு. 2025 மார்ச் 15 அன்று மிசிசிப்பிக்கும் அலபாமாவுக்கும் அந்த ஐந்தாம் படியை அறிவித்தார்கள். 2011 ஏப்ரல் 27 அன்றும் ‘ஹை’தான்.

நாலு நாள் முன்னாலேயே தெரிகிறதே, கிளம்பி வேறு ஊருக்குப் போய்விட வேண்டியதுதானே?

இது அம்மாவின் கேள்வி. பதினைந்து வருடமாகக் கேட்கிறாள், நியாயமான கேள்விதான். கடலோரத்தில் புயல் வந்தால் தாழ்வான இடத்து மக்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். இங்கே ஏன் கூடாது?

எங்கே போவது என்பதுதான் சிக்கல். நாளைய சிவப்பு வட்டத்துக்குள் மிசிசிப்பியில் பாதியும் அலபாமாவில் பாதியும் டென்னசியின் ஒரு துண்டும் இருக்கின்றன. அதற்குள் டொர்னேடோ தொடப்போகும் நிலம் ஒரு சதவீதம்கூட இராது. அந்தக் கோடு எது என்று நாளை மாலை நான்கு மணி வரை யாருக்கும் தெரியாது. அது தெரியும்போது உங்கள் கையில் இருப்பது பத்து, பதினைந்து நிமிடம். அந்த நேரத்தில் காரில் இருப்பதைவிடக் கெட்ட இடம் இல்லை. 1989 நவம்பர் 15 மாலை நாலரை மணிக்கு, இதே ஹன்ட்ஸ்வில்லில் ஏர்போர்ட் ரோட்டில், வேலை விட்டு வீடு திரும்பும் நெரிசலில் டொர்னேடோ புகுந்தது. 21 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் கார்களில் இருந்தவர்கள்.

ஆக, நாள் தெரியும், வேளை தெரியும், இடம் மட்டும் தெரியாது. இங்கே புயலுக்குக் காத்திருப்பது என்றால் இதுதான்.

ஒரே விதிவிலக்கு, சக்கரம் வைத்த மொபைல் ஹோமில் இருப்பவர்கள். அவர்கள் மதியமே கிளம்பி உறுதியான கட்டிடத்துக்கோ, ஊர்ப் பொதுப் பதுங்கிடத்துக்கோ போய்விட வேண்டும். சைரன் கேட்ட பிறகு இல்லை.

டொர்னேடோ வாட்ச், டொர்னேடோ வார்னிங் என்று அறிவிக்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானே?

வாட்ச் என்றால் அரிசி ஊறுகிறது. வார்னிங் என்றால் உலை கொதிக்கிறது. வாட்ச் பல மாவட்டங்களுக்கு, பல மணி நேரத்துக்குப் போடுவது. வார்னிங் வரைபடத்தில் ஒரு சின்னப் பலகோண வடிவத்துக்கு மட்டும், அரை, முக்கால் மணி நேரத்துக்குப் போடுவது. சுழற்சியை ரேடாரில் பார்த்திருப்பார்கள், அல்லது யாராவது கண்ணால் பார்த்திருப்பார்கள். உங்கள் வீடு அந்தப் பலகோணத்துக்குள் இருந்தால் உடனே பதுங்க வேண்டும். வெளியே வந்து வானத்தைப் படம் எடுக்கிற வழக்கம் இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு உண்டு. நமக்கு வேண்டாம்.

இரண்டுக்கும் மேலே ‘டொர்னேடோ எமர்ஜென்சி’ என்று ஒன்று இருக்கிறது. 1999 மே 3 அன்று ஓக்லஹோமா சிட்டியை நோக்கி ராட்சத டொர்னேடோ வந்தபோது, வழக்கமான வார்த்தை போதவில்லை என்று அங்கிருந்த வானிலை அலுவலர்கள் அந்த நிமிடத்தில் எழுதியது. பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

எல்லோரும் ‘ஏப்ரல் 27’ என்கிறார்களே, அன்று என்னதான் நடந்தது?

இங்கே அந்தத் தேதிக்கு வருடம் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். 2011. ஏப்ரல் 25 முதல் 28 வரை அமெரிக்காவின் தெற்கிலும் கிழக்கிலும் 350க்கும் மேற்பட்ட டொர்னேடோக்கள். அதில் 27ஆம் தேதி ஒரே நாளில் மட்டும் 200க்கு மேல். மொத்தம் 300க்கும் அதிகமானோர் இறந்தார்கள், பெரும்பாலானோர் அலபாமாவில். அலபாமாவில் மட்டும் அன்று 62 டொர்னேடோக்கள்.

அது மூன்று தடவையாக வந்தது. விடியற்காலை ஒரு வரிசை இடிமழை வந்து மரங்களைச் சாய்த்து, லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரத்தைப் பிடுங்கிப்போட்டது. மதியவாக்கில் இன்னொரு வரிசை. அப்புறம் வெயில் அடித்தது. பலர் ‘முடிந்தது’ என்று நினைத்தார்கள், நானும்தான். அந்த வெயில்தான் மூன்றாவது தடவைக்கு அடுப்பு மூட்டியது.

மூன்று மணிவாக்கில் இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் கல்மன் ஊருக்குள் டொர்னேடோ போவதை டிவியில் நேரலையாகக் காட்டினார்கள். கோபுரக் கேமரா, கோர்ட் கட்டிடம், பின்னால் கறுப்பாக ஒன்று அசைகிறது. படம் பார்ப்பது போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அதே நேரத்தில் மேற்கே ஹேக்கில்பர்க், ஃபில் கேம்ப்பெல் என்ற இரண்டு சின்ன ஊர்களை இன்னொன்று துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. காற்றின் வேகம் மணிக்கு 210 மைல், அதாவது 340 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அது 132 மைல் ஓடி, எங்கள் ஹன்ட்ஸ்வில்லுக்கு வடக்கே ஹார்வெஸ்ட் வழியாகப் போய், டென்னசி எல்லை தாண்டித்தான் ஓய்ந்தது. அந்த ஒன்றில் மட்டும் 72 பேர். ஐந்து மணிக்கு மேல் டஸ்கலூசா நகரின் நடுவே புகுந்து பர்மிங்ஹாம் வரை போனது இன்னொன்று. 80 மைல், 64 உயிர்கள்.

நாங்கள் படிக்கட்டுக்கு அடியிலிருந்த அலமாரி அறையில் இருந்தோம். நான், மனைவி, எட்டு மாதக் குழந்தை, தலைக்கு மேல் இரண்டு தலையணை. மின்சாரம் போனதும் டிவியும் இல்லை, செல்போனில் சிக்னலும் இல்லை. நாற்பது நிமிடம் இருட்டில் காதை மட்டும் வைத்துக்கொண்டு இருந்தோம். ஹார்வெஸ்ட் வழியாகப் போனது எங்களுக்குச் சில மைல் வடக்கே. சத்தம்கூடக் கேட்கவில்லை. மறுநாள் காலை புல்வெளியில் இளஞ்சிவப்புப் பஞ்சு சிதறிக் கிடந்தது. வீட்டுச் சுவருக்குள் வைத்து அடைப்பார்களே, அந்தப் பஞ்சு. ரோஜாச் செடியில் ஒரு காகிதம் சிக்கியிருந்தது. ஹேக்கில்பர்க் முகவரி போட்ட தண்ணீர்க் கட்டண ரசீது. ஏறக்குறைய 80 மைல் தூரத்திலிருந்து வந்திருந்தது, நனைந்துகூடப் போகவில்லை. இருபத்திரண்டு டாலர் சொச்சம். அந்த வீடு இருக்கிறதா, அந்தப் பெயருக்குரியவர் இருக்கிறாரா என்று யாரிடம் கேட்பது? அப்படி வந்து விழுந்த புகைப்படங்களையும் காகிதங்களையும் உரியவர்களிடம் சேர்க்க அப்போது ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கினார்கள். 200 மைலுக்கு மேல் பறந்துபோன புகைப்படம் ஒன்று உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னால் கணக்கெடுத்தார்கள். ஹேக்கில்பர்க்கில் இருந்த ராங்லர் ஜீன்ஸ் கிடங்கு அழிந்ததால், எங்கெங்கோ மரக்கிளைகளில் புது ஜீன்ஸ் தொங்கியது.

முன்கூட்டியே தெரிந்தும் ஏன் அவ்வளவு பேர்?

முன்கணிப்பு சரியாகத்தான் இருந்தது. நாள்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், வார்னிங்கும் வந்தது. காலையில் போன மின்சாரத்தால் பலருக்கு மதியச் செய்தி போய்ச் சேரவில்லை, சில வானிலை ரேடியோ கோபுரங்களும் செயலிழந்தன. இது ஒரு காரணம். இங்கே பல வீடுகளுக்கு நிலவறை கிடையாது, கான்கிரீட் தளத்தின் மேல் மரச்சட்டம் நிறுத்திக் கட்டியவை. அப்படிப்பட்ட வீட்டின் குளியலறையில் எல்லா விதிகளையும் பின்பற்றிப் பதுங்கியிருந்தும் இறந்தவர்கள் உண்டு. அதைச் சொல்லாமல் ‘விழிப்போடு இருந்தால் போதும்’ என்று எழுதினால் அது பொய்.

இன்னொரு காரணத்தை என் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். சைரன் அடிக்கடி ஊதும், பெரும்பாலும் ஒன்றும் வராது. பத்துத் தடவை ஒன்றும் ஆகாதவனுக்குப் பதினோராவது தடவை எழுந்திருக்கச் சோம்பலாக இருக்கும்.

இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறதா?

1974 ஏப்ரல் 3, 4. பதின்மூன்று மாநிலங்களில் 148 டொர்னேடோக்கள், 300க்கும் அதிகமான சாவுகள். இங்கிருந்து மேற்கே அரை மணி நேரத்தில் டேனர் என்ற ஊர். அந்த மாலை, ஒன்று அடித்து, காயம்பட்டவர்களை எடுத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வந்து அடித்தது. 2011இல் அதே டேனர் பக்கம் மூன்றாவது முறை. ‘ஒரு தடவை வந்த இடத்துக்குத் திரும்ப வராது’ என்று யாராவது சொன்னால் டேனர் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஜப்பானில் பிறந்த விஞ்ஞானி டெட் ஃபுஜிடா 1974இல் விமானத்தில் பறந்து இந்தச் சேதங்களைக் கோடு கோடாக வரைந்து ஆராய்ந்தார். டொர்னேடோவின் வலிமைக்கு இன்று போடும் ‘ஈஎஃப்’ என்ற எண்ணில் இருக்கும் எஃப் அவர் பெயர்தான். 0 முதல் 5 வரை. பலருக்குத் தெரியாதது: அந்த எண்ணை டொர்னேடோ வரும்போது போடுவதில்லை. மறுநாள் இடிபாடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறார்கள். ஆகவே ‘நாளை எத்தனாம் நம்பர் வரும்’ என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. 2013இல் ஓக்லஹோமாவின் மூர் நகரத்தில் அடித்ததற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் யாருக்கும் 5 கொடுக்கவில்லை. 2025 ஜூனில் வட டகோட்டாவில் எண்டர்லின் அருகே வந்ததற்குத்தான் மறுபடி கொடுத்தார்கள்.

அப்பார்ட்மென்டில் மூன்றாவது மாடி. எங்கே பதுங்குவது?

மூன்றாவது மாடியில் பதுங்காதீர்கள். இன்றைக்கே கீழ்த்தளத்தில் இருப்பவரிடம் போய்ப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை, இந்த ஊரில் இதற்கு மட்டும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். முடிந்தவரை கீழே, நடுவே, ஜன்னல் இல்லாத சின்ன அறை. உங்களுக்கும் வெளியே உள்ள காற்றுக்கும் இடையே எத்தனை சுவர்கள் இருக்கின்றனவோ அத்தனை நல்லது.

உள்ளே கொண்டுபோக வேண்டியவை: காலில் ஷூ (பலர் மறப்பது இதுதான், பிறகு ஆணி, கண்ணாடி மேல்தான் நடக்க வேண்டியிருக்கும்), தலையில் ஹெல்மெட், கழுத்தில் விசில், பாஸ்போர்ட், மருந்து. ஹெல்மெட் என்றதும் சிரிப்பார்கள். 2011க்குப் பிறகு தலைக்காயங்களைப் பார்த்த மருத்துவர்களும் டிவி வானிலையாளர்களும் வற்புறுத்திச் சொன்னது அது. சைக்கிள் ஹெல்மெட் போதும்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் வீடு வெடிக்காது என்பது பழைய கதை, நேரத்தை வீணாக்காதீர்கள். பாலத்துக்கு அடியில் ஒதுங்குவதும் தவறு. அங்கே காற்று குறுகி இன்னும் வேகம் பிடிக்கும்.

சைரன் கேட்டால் எழுந்துகொள்ளலாம் அல்லவா?

சைரன் வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது. ஏசி ஓடும் படுக்கையறையில், மழை இரைச்சலில், நடுராத்திரியில் அது கேட்கும் என்று நம்பாதீர்கள். இந்தப் பகுதியில் இரவு டொர்னேடோக்கள் அதிகம். பகலில் வந்தாலும் மலையும் மரமும் மழையும் மறைத்துவிடும், படங்களில் வருவது போல் தூரத்தில் தெரியாது. பேட்டரி போட்ட வானிலை ரேடியோ ஒன்று வாங்குங்கள். மாவட்டத்தின் குறியீட்டெண்ணைப் போட்டு வைத்தால், நம் மாவட்டத்துக்கு வார்னிங் வரும்போது மட்டும் அலறும். செத்தவனும் எழுந்து உட்காருவான்.

பர்மிங்ஹாம் டிவி வானிலையாளர் ஜேம்ஸ் ஸ்பானைப் பாருங்கள். கோட்டும் சஸ்பெண்டரும் போட்டு நிற்பார். அவர் கோட்டைக் கழற்றிவிட்டால் நிலைமை மோசம் என்பது அலபாமா முழுக்கத் தெரிந்த சங்கதி. ‘கோட் கழற்றியாச்சா?’ என்றுதான் ஆபீஸில் ஒருவரை ஒருவர் கேட்பார்கள்.

மின்சாரம் எத்தனை நாள் போகும்?

2011இல் எங்கள் வீட்டில் ஐந்தாம் நாள் வந்தது. ஊருக்குள் டொர்னேடோ வராவிட்டாலும், வெளியே உயரழுத்த மின்கோபுரங்கள் முந்நூறுக்கு மேல் சாய்ந்துவிட்டதால் ஹன்ட்ஸ்வில் முழுக்க இருண்டது. பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தின் மூன்று உலைகளும் நின்றன. பெட்ரோல் பங்க்கில் பம்ப் ஓடாது, கார்டு தேய்க்க முடியாது. ராக்கெட் செய்கிற ஊரில் இருபது டாலர் நோட்டுக்கு அலைந்தோம். ஆகவே இன்றிரவே காரில் பெட்ரோல், கையில் ரொக்கம். அந்த ஐந்து இரவும் வானத்தில் நட்சத்திரம் அவ்வளவு தெளிவாக இருந்தது. அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

குழந்தைகளிடம் என்ன சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள். 1989இல் ஜோன்ஸ் வேலி பள்ளியில், வகுப்பு முடிந்த பிறகும் பெற்றோருக்காகக் காத்திருந்த பிள்ளைகளை ஆசிரியர்களும் அங்கே பெயின்ட் அடிக்க வந்தவர்களும் சேர்ந்து படிக்கட்டுக்கு அடியில் தள்ளினார்கள். பள்ளி இடிந்தது, பிள்ளைகள் பிழைத்தார்கள். என் மகளுக்குச் சின்ன வயதில் சொன்ன கதை இது. 2011இல் எட்டு மாதக் குழந்தையாக இருந்தவள் இப்போது கார் ஓட்டப் பழகுகிறாள். அந்த நாற்பது நிமிடம் அவளுக்கு நினைவே இல்லை. ஆனால் இடி இடித்தால் முதலில் படிக்கட்டு அலமாரியைத் திறந்து வைப்பது அவள்தான்.

நாளை ஒன்றும் நடக்கவில்லை என்றால்?

வியாழக்கிழமை எல்லோரும் வானிலைக்காரர்களைத் திட்டுவார்கள். நானும் லீவு வீணாகிவிட்டது என்பேன். பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். நமக்கு ஒன்றும் நடக்காத நாளில் அறுபது மைல் தள்ளி யாருக்காவது நடந்திருக்கும் என்பதையும் கவனித்துவிட்டுத் திட்டுங்கள்.

நீங்கள் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?

மாவு அரைத்து வைத்திருக்கிறோம். காலையில் இருக்கிற மாவு முழுக்க இட்லியாக ஊற்றிவிட வேண்டும் என்று மனைவி சொல்கிறாள். போன தடவை ஒரு பெரிய பாத்திரம் மாவு ஃப்ரிட்ஜில் புளித்துப் பொங்கி வழிந்தது. அலமாரியிலிருந்து வாக்குவம் கிளீனரையும் கிறிஸ்துமஸ் மரத்தையும் எடுத்து கராஜில் போட்டாயிற்று. மூன்று ஜோடி ஷூ, மூன்று ஹெல்மெட், தலையணை. அம்மாவிடம் இரண்டு மணிக்கு மேல் போன் எடுக்காவிட்டால் பயப்படாதே என்று சொல்லிவிட்டேன். பயப்படுவாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் மூன்று மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டில் படிக்கட்டு இல்லை.